திரும்பி வரும் காட்சி

“திரும்பி வருவதை இப்போதே எடுத்துவிடலாம். புறப்படுவதை நாளைக் காலை எடுக்கலாம். வெயில் அப்படித்தான் வாய்க்கும்” என்றார் பட்டணத்திலிருந்து வந்த படக்காரர். மார்த்தாண்டத்து வலைநூல் கடை ஒன்றுக்கு, இனயம் கடற்கரையில் விளம்பரப் படம் எடுக்க வந்திருந்தார்.

வள்ளக்காரர் ஏசுஅடிமையின் மனைவி பிரகாசிக்குச் சிரிப்பு வந்தது. “போவாத ஆளு எப்பிடிய்யா திரும்பி வருவாரு?”

“வெட்டி ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும் அம்மா.”

“ஏட்டி, நீ இப்பிடியே சிரிச்சிட்டு நில்லு” என்ற ஏசுஅடிமை, சந்தையில் வாங்கிய மீனை வலையில் போட்டுக்கொண்டு வள்ளத்திலிருந்து குதித்தார். மறுநாள் அவர் கடலுக்குப் புறப்பட்டதை எடுத்த கையோடு படக்காரர் பட்டணத்துக்கு வண்டியேறினார்.

இரண்டு மாதம் கழித்து, மார்த்தாண்டத்தில் கூடாரம் போட்டுப் படத்தைக் காட்டினார்கள். திரையில் வள்ளம் போனது. மீனோடு திரும்பி வந்தது. சனம் கைதட்டியது.

முன்வரிசையில் தனியாக இருந்த பிரகாசியிடம் படக்காரர் வந்தார்.

“எங்கே அம்மா அவர்? படம் பார்க்க வரவில்லையா?”

பிரகாசி வெறும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீங்க சொன்னது சரிதான்யா. ஒட்டினா எல்லாம் சரியாயிருது. அண்ணைக்குக் கடலுக்குப் போன மனுசன் இந்தப் படத்துலதான் திரும்பி வந்தாரு. நாளைக்கும் ஓட்டுவியளா?”