‘போறேன்’ மட்டும்

“போறேன்.”

கார்க் கதவைச் சாத்திவிட்டு அவள் நடந்துவிட்டாள்.

அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கோத்தகிரிக்குக் கீழே, ரோட்டோரம் ஒரு டீக்கடை. மே மாதக் கூட்டம். முதலில் ஒன்றும் உறைக்கவில்லை.

பிறகுதான் உறைத்தது.

அவள் ‘போறேன்’ என்று சொன்னதே இல்லை.

கோபிச்செட்டிபாளையத்துக்காரி. கல்யாணமான நாளிலிருந்து எங்கே கிளம்பினாலும் “போயிட்டு வர்றனுங்க” தான். மாடிக்குத் துணி எடுக்கப் போனாலும் அதேதான். பிரசவ அறைக்குள் தள்ளிக்கொண்டு போனபோதுகூட, பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சொன்னாள். போன வருஷம் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பியவள், பெட்டியும் கையுமாகத் தெருமுனை வரை போய்விட்டு, மறந்துவிட்டதென்று திரும்பி வந்து, “போயிட்டு வர்றனுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

இன்று பின்பாதியைக் காணோம்.

‘ங்க’வையும் காணோம். வாசலில் படுத்திருக்கும் நாயையே ‘தள்ளிப் படுங்க’ என்று சொல்கிற குடும்பத்தில் பிறந்தவள் அவள்.

தப்பு அவன் பேரில்தான். அதை அவன் ஒத்துக்கொள்வான், அவளிடம் மட்டும் மாட்டான்.

மலை ஏறும்போது அவள் எதைக் காட்டினாலும் “வர்றப்ப பாத்துக்கலாம்” என்றான். அருவி வந்தது. வர்றப்ப. மலை ரயில் புகை விட்டுக்கொண்டு பாலத்தில் போனது. வர்றப்ப. ஊட்டியில் ரூம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் குன்னூரையே அவள் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தாள்.

இறங்கும்போதுதான் தெரிந்தது. சீசனில் ஏற ஒரு ரோடு, இறங்க ஒரு ரோடு. வந்த வழியில் திரும்ப விடமாட்டார்கள்.

அதைக் கேட்டதும் மூடிய வாயை அவள் திறக்கவே இல்லை. இப்போது திறந்தாள். அதுவும் இதற்கு.

ஒரு பஸ் வந்து டீக்கடையை மறைத்துக்கொண்டு நின்றது.

கிளம்பிப் போனது.

அவளைக் காணோம்.

போன் போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தாள். இறங்கி ஓடினான்.

“ஏனுங்க, இங்க பச்சைச் சேலையில ஒரு அம்மா வந்தாங்களே…”

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. “பச்சைச் சேலையா? இப்பத்தானே பஸ்ல ஏறுனாங்க.”

வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. உப்பு கிடக்கட்டும். அவள் பேசாத ஒரு காலைப்பொழுதையே அவனால் தாங்க முடியவில்லை. மீதி ஆயுசை யாரிடம் பேசிக் கழிப்பது?

அழுகை வந்தது. அழுதுகொண்டே வண்டியை எடுத்தான்.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸை முந்த முடியாது. பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு போனான். முன்னே போகிற டிரைவர் கையை வெளியே நீட்டி ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருக்க வாய்ப்பில்லை.

அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றது. பாய்ந்து ஏறினான்.

பச்சைச் சேலை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது.

“கோகிலா, எம்மேலதான் தப்பு. மன்னிச்சுக்க” என்றான். பஸ் முழுக்கக் கேட்டது.

திரும்பியது வேறு முகம். மடியில் ஒரு காலிஃப்ளவர்.

“இருக்கட்டும் தம்பி” என்றார் அந்த அம்மா.

கீழே இறங்கி, காரை வந்த பக்கமே திருப்பினான். பாதி திரும்புவதற்குள் ஒரு போலீஸ்காரர் வந்து பானெட்டைத் தட்டினார்.

“இது இறங்குற ரோடு சார்.”

“சம்சாரம் மேல இருக்காங்க சார்.”

“எல்லாருக்குந்தான் மேல ஆள் இருக்கு. மேட்டுப்பாளையம் இறங்கி, குன்னூர் வழியா ஏறி வாங்க.”

கெஞ்சினான். அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். விசிலோடு பேச முடியாது.

போன் அடித்தது. அவள்தான்.

“எங்கீங்க போனீங்க?”

ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘ங்க’. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“நீ… பஸ்ல ஏறிப் போயிட்டேன்னு…”

“நான் எதுக்குங்க பஸ்ல போறேன்? கடைக்குப் பின்னால பாத்ரூமுக்குப் போனேன். முட்டிக்கிட்டு வருது, இதுல முழுசா வேற சொல்லிட்டுப் போகோணுமா?”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“வந்து பாத்தா காரைக் காணோம். அங்கயும் இங்கயும் ஓடறேன். இப்படி ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டுப் போயிட்டீங்களே.”

அவள் அழுதாள்.

பின்னால் வண்டிகள் வரிசையாக ஹாரன் அடித்தன. போலீஸ்காரர் விசிலை ஊதி, கையைக் கீழ்ப்பக்கமாக நீட்டினார்.

“அழுவாத. அங்கயே இரு. வந்துட்டே இருக்கேன்” என்றான்.

கியரை மாற்றி, மேட்டுப்பாளையத்தைப் பார்த்து இறங்க ஆரம்பித்தான்.