கடிதங்களில் வந்த தீவு

"அருவி எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. நடக்கறது என் பொறுப்பு" என்றாள் மனைவி.

அவர் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். துறைமுக வாசலிலிருந்து இரண்டு சாலைகள் பிரிந்து, இரண்டும் மரங்களுக்குள் புகுந்து மறைந்தன. சற்று யோசித்துவிட்டு இடப்பக்கம் கை காட்டினார்.

இருபத்திரண்டு வருஷம் அவர் பயணிகள் கப்பலில் இன்ஜின் மெக்கானிக்காக இருந்தவர். மாதம் இரண்டு முறை அந்தக் கப்பல் இந்தத் தீவில் ஆறு மணி நேரம் நிற்கும். வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தையல் மெஷின் மிதித்த மனைவிக்கு, இங்கிருந்து தவறாமல் கடிதம் வரும். மலையிலிருந்து கொட்டும் அருவி, அதில் குளித்த குளியல், சிவப்பு வால் பறவை, நீலக் கதவு போட்ட காப்பிக் கடை. அந்தக் கடைக்காரி, கேட்காமலே இவருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுவாளாம். அந்த வரி மட்டும் அவளுக்கு அப்போதே கொஞ்சம் கசந்தது.

ஓய்வுபெற்ற அப்பாவையும் அம்மாவையும் கப்பலில் சுற்றுலா அனுப்பப்போவதாக மகள் சொன்னதும், "அந்தத் தீவுக்குத்தான்" என்று மனைவி முடிவு செய்துவிட்டாள். அவர் வேறு இரண்டு மூன்று ஊர்களைச் சொல்லிப் பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காலையில் கப்பல் கரையை நெருங்கியபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இதோ வேகம் குறையும், தரை லேசாக நடுங்கும், பிறகு சத்தம் அடங்கும் என்று அவர் சொல்லச் சொல்ல அப்படியே நடந்தது. பக்கத்தில் நின்றவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

இறங்கிய பிறகுதான் ஏதோ இடித்தது.

இடப்பக்கச் சாலை ஒரு பள்ளிக்கூடத்தின் பின்சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. திரும்பி வந்து அடுத்த சாலையில் நடந்தார்கள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. இலைகள் ஒவ்வொன்றும் குடை அகலம். எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. வேறு நேரமாக இருந்தால் அவள் அங்கேயே நின்றிருப்பாள். இப்போது கண் முழுவதும் கணவர் மேல்தான் இருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார். எதிரே யார் வந்தாலும் உற்று உற்றுப் பார்த்தார்.

கடைத்தெருவில் பழம் விற்ற பெண்ணிடம் அவள் விசாரித்தாள். பாதி கையாலும் பாதி அரைகுறை வார்த்தைகளாலும் பேச்சு நடந்தது. நீலக் கதவுக் காப்பிக் கடையா? தன் மாமியார் காலத்திலிருந்து இதே இடத்தில்தான் பழம் விற்பதாகவும், அப்படியொரு கடை இங்கே இருந்ததே இல்லை என்றும் அந்தப் பெண் சொன்னாள். அருவி உண்டாம். ஆனால் தீவின் அந்தக் கோடியில். பஸ்ஸில் போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். சொல்லிவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மனைவி அங்கிருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு மணி நேரத்துக்குள் அருவிக்குப் போய்க் குளித்துத் திரும்பவே முடியாது. அப்படியானால் இந்த மனுஷன் மாதா மாதம் எங்கே போய்க்கொண்டிருந்தார்? அதை மறைக்கத்தான் இத்தனை அருவியும் பறவையுமா? குரலை மட்டும் உயர்த்தாமல் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. கப்பல் நின்ன நேரத்துல இங்க யார் வீட்டுக்குப் போனீங்க?"

"யார் வீட்டுக்கும் போகல."

"அப்ப அந்தக் காப்பிக்காரி?"

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அது எங்க கப்பல் சமையல்காரர் சொன்னது. காய்கறி வாங்க அவர் இறங்குவார். அவர் சொல்றதை வெச்சு உனக்கு எழுதுவேன். தபால்ல போடறதும் அவர்தான். அவர் பாதி கதை விட்டிருப்பார் போலிருக்கு. நானும் கொஞ்சம் சேர்த்துக்கிட்டேன்."

"கண்ணெதிரே இருக்கற ஊரை எதுக்கு இன்னொருத்தர் சொல்லிக் கேக்கணும்?"

அவர் மரங்களை, ஈரச் சாலையை, பழக்கூடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நீ அங்க ராப்பகலா தைச்சுக்கிட்டு இருந்தே. நானும் கிடந்து அல்லாடறேன்னு எழுத மனசு வரல" என்றார். "கப்பல் நின்னாத்தான் இன்ஜினைப் பிரிச்சு வேலை பார்க்க முடியும். இந்தத் தீவுல நான் காலை வெச்சதே இன்னிக்குத்தான்."