எதுவும் சொல்லாத பிரஷ்

கோயம்புத்தூர்க் கடையில் தமயந்தி கேட்டது, இரண்டு பேட்டரி போட்டால் ஓடுகிற சாதாரண டூத் பிரஷ். விற்பனையாளர் நான்காவது பெட்டியைத் திறந்தார்.

"இது எச்சில வச்சே உடம்புல என்னன்னு சொல்லிருமுங்க."

"சொல்ல வேண்டாங்க. பல்லு வெளக்குனாப் போதும்."

"வீட்டுல எல்லார் போனுக்கும் ரிப்போர்ட் போயிருமுங்க மேடம்."

"அதத்தாங்க வேண்டாங்கறேன்! எத்தன தடவ சொல்றது?"

கடையே திரும்பிப் பார்த்தது.

போன வருஷம் அவள் கர்ப்பமானதை அவளுக்கு முன்பே கணவன் சேந்தனுக்கும் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் வீட்டிலிருந்த இதே மாதிரி பிரஷ் சொல்லிவிட்டது. மாமியார் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார். ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்தபோது, அவள் குளியலறையை விட்டு வெளியே வருவதற்குள் அதையும் எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தது.

விற்பனையாளர் உள்ளே போய், வாத்துப் படம் போட்ட ஆரஞ்சு நிற பிரஷ் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார்.

"பழைய ஸ்டாக்குங்க. கொழந்தைங்களுக்கு வந்தது. சும்மா சுத்தும், அவ்வளவுதான்."

"இதக் குடுங்க."

அவளுக்கு நாள் தள்ளிப்போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது; அத்தனை நாளும் வீட்டு பிரஷ்ஷைத் தொடாமல் விரலால்தான் பல் விளக்கினாள். அன்று சாயங்காலம் சேந்தனை மட்டும் மொட்டை மாடிக்கு அழைத்துப்போய்த் தன் வாயாலேயே சொன்னாள்.