கட்டுச்சோறு

மனைவியைப் புதைத்த இடத்தில் பாலூற்றி நவதானியம் தூவிய ஆறாம் நாள், யாரிடமும் சொல்லாமல் ஒரு குடம் தண்ணீரோடு இடுகாட்டுக்கு வந்தார் தணிகாசலம். பச்சைப்பயறு முளைத்து, விதைத்தோலைத் தலையில் மாட்டியபடி நின்றது.

“மழை ஈரமே போதும்யா,” என்றாள் இடுகாட்டைப் பார்த்துக்கொள்ளும் கன்னியம்மா. “இலை விரியிற வரைக்கும் விதைக்குள்ளயே கட்டுச்சோறு இருக்கு.”

“அதுக்கப்புறம்?”

“தானே பொங்கித் தின்ன வேண்டியதுதான்.”

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் மனைவி வறுத்து அரைத்து வைத்த சத்துமாவைத்தான் இத்தனை நாளும் வெந்நீரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். இன்று காலை டப்பாவின் அடியையும் சுரண்டியாகிவிட்டது.

ததும்பும் குடத்தை இறக்காமல் அப்படியே நின்றார்.

“ஏம்மா, ஒரு ஆளுக்குச் சோறாக்க எத்தன டம்ளர் தண்ணி வைக்கணும்?”