தூரத்துச் சொந்தம்

வெளியூர்க் கல்யாணத்தில், கூடப் படித்தவர்கள் "யாருய்யா அந்தம்மா?" என்று கேட்டார்கள். தீக்காயத்தில் முகம் சுருங்கிப்போயிருந்த மனைவி பாக்கியமணியை, போதகர் ஞானசிகாமணி "தூரத்துச் சொந்தம்" என்று சொல்லிவிட்டார். பின்னால் நின்ற அவள் காதிலும் அது விழுந்தது. 

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு வந்த பகுதி, ஆபிரகாம் எகிப்தில் தன் மனைவி சாராளைச் சகோதரி என்று சொன்ன கதை. "அப்படிப்பட்டவனையும் ஆண்டவர் கைவிடவில்லையே!" என்று முடித்தார். சபையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் சோறு போட்டுக்கொண்டே அவள் கேட்டாள்: "அவரு உயிருக்குப் பயந்து சொன்னாரு. நீங்க எதுக்குப் பயந்தீங்க?"

அவர் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தார். எதிரில் உட்கார்ந்து, முகத்தை அவருக்கு நேராக வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.