மலையை இடி!

"இந்த மலைய இடிச்சாத்தான் இன்னிக்கு அடுப்பு பத்த வெப்பேன்!" என்றாள் புனிதா.

பூவரசன் நிமிரவில்லை. பொம்மைச் சிப்பாய்களை மோதவிடும் விளையாட்டுக்காக, பலகையில் தெர்மாகோல் மலையை ஒட்டி, குயிலாப்பாளையத்துச் செம்மண்ணைத் தூவி, காயவைத்த டீத்தூள் சக்கையால் புதர் வளர்த்துக்கொண்டிருந்தான்.

"இடிச்சிடுடா," என்றாள் அவன் அம்மா சின்னபொண்ணு. "கொழந்தையாட்டம் வெளாடிக்கினு பொண்டாட்டிய பேஜாரு பண்ணாத. வூட்டுல இருந்த தெர்மாகோலெல்லாம் போச்சு. பரண்மேல இருக்கிற மிக்சி பெட்டிய மட்டும் தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்!"

"வெளாடட்டும் அத்தை, நானா வேணாங்கிறேன்? மலைய இவ்ளோ ஒசரமா வெச்சா, பின்னால ஒளிஞ்சிக்கினு இருக்கிற இவரு ஆளுங்கள என் பீரங்கி எப்படி அடிக்கும்?"

சின்னபொண்ணு வாயைப் பிளந்தாள். "நீயுமா வெளாடுற?"

"சும்மா இல்ல அத்தை, பந்தயம். ஞாயித்துக்கெழம நான் ஜெயிச்சா, பொங்கலுக்குக் கெடாருக்கு எங்கம்மா வூட்டுக்குப் போறோம். இவரு ஜெயிச்சா, இங்க திண்டிவனத்துலயேதான் பொங்கல்."

சின்னபொண்ணு ஸ்டூலைப் போட்டு ஏறி, மிக்சி பெட்டியை இறக்கினாள். உள்ளிருந்த தெர்மாகோலை உருவி மகனிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஒசத்துடா."