பழசு எங்கே?

என் தங்கை தப்பி வந்த கதையைப் பல வருஷமாக நான் அரைமனசோடுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னது இதுதான்.

கணவன் குளிக்கப் போன நேரத்தில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கிவிட்டாள். பேருந்து நிலையம் பக்கம்தான். ஆனால் ஆள் சேர்ந்தால்தான் வண்டியை எடுப்பார்கள். கடைசி வரிசையில் இருவரும் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அவனிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. சைலன்சரில் ஓட்டை. தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டாலே வீட்டில் குழந்தை டி.வி.யை அணைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அன்றைக்குப் பேருந்துக்குப் பின்னால் எது உறுமினாலும் குழந்தை இருக்கைக்குக் கீழே இறங்கியது.

"அம்மா, அப்பா வண்டியா?"

"இல்லடா கண்ணு, லாரி."

சொல்லிவிட்டாளே தவிர, திரும்பிப் பார்க்க அவளுக்கும் தைரியம் வரவில்லை. முந்தின தடவை இதே பிக்கப்பில் வந்துதான் வழிமறித்து, முடியைப் பிடித்து இழுத்துப் போனான். இன்னொரு தடவை வாசலைத் தாண்டினால் பிணமாகத்தான் திரும்பி வருவாய் என்று சொல்லியிருந்தான். சொன்னதைச் செய்கிற ஆள்.

ஆனால் பிக்கப் வரவில்லை.

இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றுகிற பம்புக்குக் கரண்ட் விடுகிற ரிலே போய்விட்டதாம். தீப்பெட்டியில் பாதி இருக்கும், கறுப்புப் பெட்டி. அது இல்லாவிட்டால் தள்ளிவிட்டாலும் இன்ஜின் பிடிக்காது. எதிர் வீட்டு மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துச் சொல்ல, கடைக்கு ஓடினான். வாங்கி வந்து மாட்டினான். பிடிக்கவில்லை. கடைக்காரர் தப்பான ரிலேயைக் கொடுத்திருந்தார். மறுபடி ஓடி, அவர் சட்டையைப் பிடித்து அறைந்தான். தெருவே நின்று பார்த்ததாம். "தப்பு என்னுதுதான் தம்பி, கண்ணு சரியாத் தெரியல" என்று அவர் கைகூப்பினாராம். அதற்குள் பேருந்து ஊரைத் தாண்டிவிட்டது.

இதெல்லாம் பக்கத்து வீட்டு அக்கா பிறகு போனில் சொன்னது. "ஏதோ அந்த மனுஷன் கவனமில்லாமக் கொடுத்தது என் நல்ல நேரம்ண்ணா" என்று தங்கை முடித்துவிடுவாள்.

எனக்குத்தான் முடியவில்லை. அந்தக் கடைக்காரரை எனக்குத் தெரியும். அதே ரகப் பிக்கப் என்னிடமும் இருந்தது.

அந்த வண்டிக்கு ரிலே இரண்டு வகை. முதலில் வந்த வண்டிகளுக்கு ஒன்று, பின்னால் வந்தவற்றுக்கு வேறு. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். அடியில் செருகுகிற கால்கள்கூடக் கச்சிதமாக உட்காரும். உள்ளே கரண்ட் போகும் வழி மட்டும் வேறு. அதனால் யார் போய் நின்றாலும் அவர் முதலில் கேட்பது, "பழசு எங்கே?"

கழற்றிய சாமானை மேஜையில் வைத்து, புதியதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒரு பல்புகூடத் தரமாட்டார். எத்தனை தடவை அவரைத் திட்டிக்கொண்டே திரும்பிப் போய்க் கழற்றி வந்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை நீட்டினாலும் பழசு எங்கேன்னு கேட்பார் என்று கேலி செய்வோம். கடைசியில் 'பழசு' என்பதே அவர் பெயராகிவிட்டது.

அவர் அறை வாங்கிய பிறகு கடைக்கு ஆள் குறைந்தது. பழசுக்குப் பார்வை போச்சு என்றார்கள். அவர் மறுக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து நான் போனபோது, வாசல்படி ஏறுவதற்குள் என் கையில் இருந்த சுவிட்சைப் பார்த்துவிட்டு, "இது உங்க வண்டியோடதே இல்லையே, எவன் மாட்டிவிட்டான்?" என்றார்.

அன்றைக்குத்தான் என் தூக்கம் கெட்டது.

தங்கையிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "அவன் பழைய ரிலேயைக் கொண்டுபோனானா?"

"வெறுங்கையோட போனாராம்" என்றவள், அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

வெறுங்கையோடு போனவனுக்கு அந்த மனுஷர் எப்படிக் கொடுத்தார்? அதற்கு மேல் கேட்க எனக்குப் பயம். பதில் எங்காவது கசிந்தால், அவன் முதலில் எந்தக் கடையின் படியேறுவான் என்று தெரியும். அவர் தனியாக உட்கார்ந்திருக்கும் கடை. நம்பினேனா, நம்புவதாக நடித்தேனா என்று எனக்கே தெரியாமல் வருஷங்கள் போயின.

போன வாரம் அவன் செத்துப்போன செய்தி வந்தது. தங்கை அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. இரண்டு தாழ்ப்பாளும் போட்டிருக்கிறதா என்று வழக்கம்போல் பார்த்துவிட்டு வந்தாள்.

இன்று சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டதென்று அவளுடைய தையல் டப்பாவைத் திறந்தேன். நூல்கண்டுகளுக்கு அடியில், துணியில் சுற்றி ஒரு ரிலே. கருகல் இல்லை. கால்கள் வளையவில்லை. மாட்டினால் இப்போதும் வண்டி ஓடும்.

அதை மேஜையில் அவள் முன்னால் வைத்தேன். வெளியே ஏதோ வண்டி உறுமிக்கொண்டு போனது. செத்தவனுக்குப் பயந்து அவள் தலை ஜன்னல் பக்கம் திரும்பியது.

சத்தம் தேய்கிறவரை இருந்துவிட்டுக் கேட்டேன்:

"பானெட்டுக்குள்ள இதே மாதிரி கறுப்புப் பெட்டி வரிசையா இருக்கும். எனக்கே குழப்பும். இதைத்தான் பிடுங்கணும்னு உனக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தது?"